மணலில் அசைந்த விரல்

கண்ணு,

முதலில் நான் பார்த்தது ஒரு எறும்பைத்தான். உனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் காலை. வாசலில் பழைய வலையை மடித்துப் போட்டு, சுவரில் சாய்த்து உன்னை உட்காரவைத்திருந்தேன். ஒரு கட்டெறும்பு உன் இடது பாதத்தில் ஏறி, கட்டைவிரல் இடுக்கில் நின்று கடித்தது. நீ வீறிட்டு அழுதாய். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாய். வலது காலை உதைத்தாய். இடது காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. உனக்கு வலித்தது, ஆனால் கால் அங்கேயே கிடந்தது. எறும்பைத் தட்டிவிட்டு அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். கையை விட்டதும் ஈரத்துணி போலச் சரிந்தது.

நாளைக் காலை ரயிலில் நீ போகிறாய். இதை நீ படிக்கும்போது, இன்றைக்கு எனக்கு இருக்கும் வயதைவிட உனக்கு அதிகமாக ஆகியிருக்கலாம். எனக்கு இப்போது பத்தொன்பது நடக்கிறது. வளர்ந்த ஒரு ஆண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவிடமே நான் முகம் பார்த்துப் பேசியது குறைவு. ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது பெரியவளாகிவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பும் வகுப்பில் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் எழுத்து என்னை விட்டுப் போகவில்லை. என் அண்ணன், உன் தாய்மாமன், சிதம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறது. அண்ணனை நான் அது என்றுதான் சொல்லிப் பழக்கம். கருவாடு மடிக்க வாங்கும் பழைய பேப்பர்களில் நல்லதாகப் பார்த்து எனக்கென்று எடுத்துவைக்கும். கவிச்சி வாடையோடு அவற்றை ஒரு வரி விடாமல் படித்துத்தான் நான் இந்த அளவுக்கு எழுதக் கற்றுக்கொண்டேன். வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுத முடிகிறது. அதனால் உன்னைப் பெரியவனாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நீயும் என்னைப் பெரியவளாக நினைத்துக்கொண்டு படி.

நம் வீடு உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. கடலூர் முதுநகருக்குக் கிழக்கே, உப்பங்கழியைத் தாண்டினால் நம் குப்பம். இந்த வீட்டில் நாம் ஐந்து பேர். உன் அப்பா, நான், நீ, உன் அப்பாவின் அக்கா, அவருடைய மகள் செல்வி. அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன், உனக்கு அத்தை. கடலுக்குப் போன புருஷன் திரும்பாததால் கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்தவர். நீயும் செல்வியும் ஒரு மாதம் முன்பின்னாகப் பிறந்தீர்கள். அண்ணிக்குப் பால் கட்டிய நாட்களில் செல்வி என்னிடம்தான் குடித்தாள். அவள் பேச ஆரம்பித்ததும் அண்ணி அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது உன்னை மாமா என்று கூப்பிடத்தான். இடுப்பில் துணிகூட இல்லாமல் நீ மண்ணில் உட்கார்ந்திருப்பாய். அவள் தத்தித் தத்தி வந்து, "மாமா, மாமா" என்று உன் தலைமுடியைப் பிடித்து இழுப்பாள். "பாருடா, இப்பவே புருசன் முடிய புடிச்சி ஆட்டறா" என்று அண்ணி சிரிப்பார். "எம் மருமவன் பெரியவனாயி எனக்கு ஒரு வஞ்சிர மீனாச்சும் புடிச்சிக் குடுப்பானா, இல்ல எல்லாத்தையும் இவகிட்டயே குடுத்துருவானா?" என்று என்னைக் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். அந்த நாட்களில் இந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காய்ச்சல் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தது. ஒரே பானைத் தண்ணீரைத்தான் குடித்தீர்கள், ஒரே பாயில்தான் படுத்திருந்தீர்கள். அண்ணி இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போய்க் கம்பவுண்டரிடம் காட்டினார். அவர் இரண்டு பேருக்கும் இடுப்பில் ஊசி போட்டார். இரண்டு பேரும் அழுதீர்கள். மூன்றாம் நாள் செல்வி எழுந்து கோழியைத் துரத்தினாள். நீ எழுந்திருக்கவில்லை. இதை நான் எத்தனையோ முறை மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஒன்று, சோறு ஒன்று, ஊசி ஒன்று. கொஞ்ச நாள் குடித்த பால்கூட ஒன்று. எங்கேயாவது ஒரு இடத்தில் உனக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசம் கிடைத்துவிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும் என்று இருந்தது. கிடைக்கவே இல்லை.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மீன் விற்கும் இடத்தில் ஒருத்தி என் காது படவே, "தாய்க்காரி நடக்கறது பாத்தியா, பூமிக்கு வலிக்குமோன்னு நடக்கறா. அந்த மந்தந்தான் புள்ளைக்கி வந்திருக்கு" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணி மட்டும் அன்றைக்குப் போய் அவளிடம் சண்டை போட்டார். "எம் மருமவன் எழுந்து நடந்து வந்து ஒன் வாய்லயே மிதிப்பான், பாத்துக்க" என்று கத்திவிட்டு வந்தார். அண்ணியைப் பற்றி இனி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் நீ சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

நடக்காத பிள்ளையைக் கடல் மணலில் நிறுத்துவது நம் குப்பத்தில் வழக்கம். அமாவாசை அன்று, அலை ஏறி இறங்கும் இடத்தில் குழி தோண்டுவார்கள். மஞ்சள் பூசிய காலோடு பிள்ளையை அதில் நிற்கவைத்து, இடுப்பு வரை ஈர மணலைப் போட்டு மிதித்து இறுக்குவார்கள். அலை வந்து பிள்ளையின் வயிற்றைத் தொட்டதும் தோண்டி எடுப்பார்கள். பூமி காலைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யும் என்பது நம்பிக்கை. உன்னையும் அப்படி நிறுத்த அண்ணி ஏற்பாடு செய்தார்.

அதற்கு முந்தைய நாள் சாயங்காலம், உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சூடு ஆறாமல் ஒரு வாய் கொடுத்துவிட்டேன். நீ முகத்தைச் சுளித்தாய். அப்போது உன் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. கொஞ்சம்தான். காற்றில் அசைகிற மாதிரி ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அசைந்தது.

மறுநாள் உன்னை மணலில் இருந்து எடுத்தபோது பாதி குப்பமே நின்றது. அண்ணி உன் காலைக் கடல் தண்ணீரில் கழுவினார். கட்டைவிரல் அசைந்தது. அண்ணி போட்ட சத்தத்தில் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். உன்னை ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கினார்கள். உன் அப்பா மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து அந்த விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அவர் பின்னால் போய், "நேத்தே அசைஞ்சிச்சி" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் திரும்பி, "என்னா?" என்றார். "நேத்து சாங்காலமே அசைஞ்சிச்சி. கஞ்சி ஊட்டறப்ப." அவர் சிரித்தார். "நேத்தா? கனவு கண்டியா நீ?" என்றார். அண்ணி, "அவ கெடக்கறா, ஆசையில ஒளறா. தேங்காய ஒடைங்கடா" என்றார். தேங்காய் உடைத்தார்கள். குழிக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்துத் துணியில் முடிந்து, உன் அரைஞாண் கயிற்றில் அண்ணி கட்டினார். அவ்வளவு பேரும் சந்தோஷமாக இருந்தபோது இரண்டாவது தடவை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று ராத்திரியே நானும் மணலை நம்ப ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் அசைந்தது கனவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் மணல்தான் விரலைக் கொடுத்தது என்றால், அதே மணல் முட்டியையும் தொடையையும் கொடுக்கும்.

அதற்குப் பிறகு தினமும் மணல்தான். அண்ணி மீன் விற்ற கூடையை இறக்கிவைத்த கையோடு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். வெயில் இறங்கும் நேரத்தில் தன் கையாலேயே குழி தோண்டி உன்னை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வார். செல்வியும் தனக்கு ஒரு குழி வேண்டும் என்று அழுவாள். அவளையும் நிறுத்துவார். நீங்கள் இருவரும் இரண்டு நட்டுவைத்த கம்பு மாதிரி கடலைப் பார்த்து நிற்பீர்கள். அண்ணன் சிதம்பரத்திலிருந்து வந்தபோதெல்லாம், "ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிடலாம்" என்று சொன்னது. "வெரலு வந்துடிச்சி, காலு வந்துகிட்டு இருக்கு. இப்ப போயி மருந்த குடுத்து கெடுக்கணுமா?" என்று அண்ணி கேட்டார். உன் பாதம் முன்பக்கம் நீண்டு, விரல் நுனி கீழே பார்த்தபடி தொங்கும். மணலுக்குள்ளும் அப்படியேதான் நின்றிருக்கும். நாளாக ஆக, அதை நிமிர்த்தினால் நீ கத்த ஆரம்பித்தாய். குதிகால் மேலே தூக்கிக்கொண்டது. கால் வருவதற்கு முன் வரும் முறுக்கு என்று குப்பத்துக் கிழவிகள் சொன்னார்கள்.

ஒரு வருஷம் ஓடியது. விரலுக்கு மேல் எதுவும் வரவில்லை. தொடை என் மணிக்கட்டு அளவுக்குச் சூம்பிவிட்டது. ஒரு நாள் செல்வி உன்னிடம் கிளிஞ்சல் கொண்டுவந்து கொட்டி, "இந்தா மாமா" என்றாள். அடுப்படியிலிருந்து அண்ணி அவளைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். "செல்வி, இனிமே அவன மாமான்னு கூப்புடாத. அண்ணன்னு கூப்புடு." அவளுக்குப் புரியவில்லை. "ஏம்மா?" என்றாள். "சொன்னா கேளு" என்றார். நான் மீனுக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அண்ணியும் என் பக்கம் பார்க்கவில்லை. கிழவிகளும் கம்பவுண்டரும் சொல்லாததை அந்த ஒரு வார்த்தையில் அண்ணி சொல்லிவிட்டார். உன் கால் வராது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இருப்பது அந்த ஒரு பெண். நானும் ஒரு பெண்ணைப் பெற்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ. ஆனால் மறுநாளே அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

சிதம்பரத்தில் அண்ணன் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அவருக்கும் அலுப்புத்தான். உன் காலை மடக்கி, நீட்டி, தட்டிப் பார்த்தார். "இந்த விரல் எப்ப வந்துச்சி?" என்றார். "மணல்ல வெச்ச அன்னிக்குங்க" என்றது அண்ணன். நான், "அதுக்கு மொத நாளே" என்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "மொத நாளா? நீங்க பாத்தீங்களா?" "பாத்தேன்" என்றேன். என்னை ஒருவர் நீங்கள் என்று கேட்டு, நான் சொன்னதை அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.

மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தார். கோலத்துக்கு வைப்பதுபோல இருந்தது. "முதுகுத்தண்டுக்குள்ள இருக்கற செல்லு இதெல்லாம். உயிரணுன்னு சொல்லுவாங்க. கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோ சின்னது. ஒவ்வொண்ணோட பொறுப்புலயும் கால்ல கொஞ்சம் சதை இருக்கு. இது சொன்னாத்தான் அந்தச் சதை அசையும். அந்தக் காய்ச்சல் ஒரு கிருமியால வந்தது. ரெண்டு பிள்ளைக்கும் அதே கிருமியாத்தான் இருந்திருக்கும். நெறைய பிள்ளைங்களுக்கு வெறும் காய்ச்சலா வந்து போயிடும். சிலருக்கு இங்க உள்ள பூந்துடும்." பிறகு சில புள்ளிகளை அடித்தார். சிலவற்றைச் சுற்றி வட்டம் போட்டார். சிலவற்றை அப்படியே விட்டார். "அடிச்சது செத்துப்போனது. வட்டம் போட்டது சீக்காக் கெடந்து எழுந்துகிட்டது. மத்ததுக்கு ஒண்ணும் ஆகல. எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருந்ததுதான்."

நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாயில் படுத்த இரண்டு பிள்ளைகளுக்குள் நான் தேடிய வித்தியாசம், உன் ஒரு முதுகுக்குள்ளேயே, ஒட்டி ஒட்டி இருந்த புள்ளிகளுக்குள் இருந்தது. "ஏன் இது செத்துச்சி, அது சாவல?" என்று கேட்டேன். டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "தெரியலம்மா. எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே இன்னும் சரியாத் தெரியாது" என்றார். "விரலப் பாத்துக்கற செல்லு தானாத்தான் எழுந்துச்சி. மணல்ல வெச்சாலும் எழுந்திருக்கும், தூளியில போட்டிருந்தாலும் எழுந்திருக்கும். தொடையப் பாத்துக்கறது செத்துடுச்சி. அது மறுபடி முளைக்காது. பொழச்ச செல்லு சில சமயம் பக்கத்துல செத்ததோட வேலையையும் கொஞ்சம் எடுத்துப் பாக்கும். தொடைக்கு அப்படிப் பாக்கறதுக்கும் மிச்சம் இல்ல." அண்ணன், "அப்ப இந்தக் குதிகாலு?" என்றது. டாக்டரம்மா உன் குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். "குதிகால கிருமி ஒண்ணும் பண்ணல. பாதம் தொங்கியே கெடந்ததால பின்னால தசைநாரு குறுகிடுச்சி. ஆரம்பத்துலயே பாதத்த நிமித்தி வெச்சி, கட்டை வெச்சிக் கட்டியிருந்தா இது வந்திருக்காது. இப்ப அறுத்துத்தான் நீட்டணும்."

ஆக, உன் காலில் இரண்டு நஷ்டம் இருக்கிறது. ஒன்றுக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. இன்னொன்றுக்குக் காரணம் எங்கள் சந்தோஷம். தேங்காய் உடைத்த சத்தத்தில் ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டோம். அண்ணியிடம் குதிகால் விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. ஒரு வருஷம் உன்னைச் சுமந்து போய் அவர் தன் கையால் குழி தோண்டினார். அதைச் சொன்னால் அவர் என்ன ஆவாரோ என்று அண்ணன் பயந்தது. நீயும் என்றைக்காவது அவரைப் பார்த்தால் சொல்லாதே.

அந்த டாக்டரம்மாதான் ஒரு விடுதிக்கு எழுதிப்போட்டார். மதராஸ் பக்கம் இருக்கிறதாம், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே. அங்கே குதிகாலை அறுத்துச் சரிசெய்து, காலுக்கு இரும்பு மாட்டி, நிற்கப் பழக்கி, அங்கேயே பள்ளிக்கூடமும் வைப்பார்களாம். பெற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டே இருந்தார். "கட்டுமரத்துல நிக்கறதுக்கு ரெண்டு காலு வேணும்" என்றார் கடைசியாக. "நிக்க முடியாட்டி போவட்டும். கரையில குந்தி வலை பொத்தட்டும். எங் கண்ணு முன்னால கெடக்கட்டும்." அண்ணி என்னிடம், "நாலு வயசுப் புள்ளைய அனுப்பறதா? பெத்தவளா நீ?" என்று கேட்டார். உன்னைக் கரையில் குந்தவைத்து நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் கடலுக்குப் போனபின், எறும்பு கடித்தால் காலை இழுத்துக்கொள்ள முடியாமல், யாராவது வந்து தட்டிவிடக் காத்திருக்கும் ஒரு பெரிய ஆள் தெரிந்தான். "அனுப்பிடலாம்" என்றேன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

பெற்றவர்கள் கடிதம் எழுதினால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. நீ அங்கே ராத்திரி யாரைக் கூப்பிடுவாய் என்று தெரியவில்லை. எங்கள் பேச்சை, என் முகத்தை மறந்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. மறக்காமல் இருந்து என்மேல் கோபப்படுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. உனக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம்தான் உண்டு. நீ கண்ணால் பார்த்ததை ஒரு தடவை சொல்லி யாரும் கேட்கவில்லை என்றால், இரண்டாவது தடவை உரக்கச் சொல். என்னைப் போல இருக்காதே. இன்னொன்று, ஏன் எனக்கு மட்டும் என்று நீ ஒரு நாள் கேட்பாய். பாவம், சாபம், தாயின் மந்தம் என்று யாராவது பதில் வைத்திருப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளாதே. தெரியாது என்று ஒருவர் சொன்னதுதான் எனக்கு உண்மையாகப் பட்டது. அது ஆறுதல் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் இன்னும் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. ஆனாலும் உனக்குக் கொடுக்க என்னிடம் அதுதான் இருக்கிறது. இந்தக் காகிதத்தை அண்ணனிடம் கொடுத்துவைக்கிறேன். நீ கேட்கும் வயதில் மாமன் உன்னிடம் கொடுக்கும்.

இப்போது மத்தியானம். மீன் ஏலத்துக்கு எல்லாரும் கரைக்குப் போயிருக்கிறார்கள். நீ வலது காலை மடக்கி, இடது காலை நான் வைத்த இடத்திலேயே வைத்துத் தூங்குகிறாய். உன் அப்பா காலையில் முதுநகர் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து, ஒரு பொட்டலத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார். பிரித்தேன். புது அரைஞாண் கயிறு, கறுப்பு. உன் இடுப்பில் இருந்த பழைய கயிற்றின் முடிச்சுக்குள் மணல் ஏறியிருந்தது. அண்ணி முடிந்த துணியும் அதிலேயே தொங்கியது. மீன் அறுக்கும் கத்தியைக் கழுவித் துடைத்து, நீ விழித்துக்கொள்ளாதபடி அந்தக் கயிற்றை அறுத்து எடுத்தேன். புதுக் கயிற்றை உன் இடுப்பில் சுற்றி, நீ வளர்வதற்கு இரண்டு விரல் இடம் விட்டு முடிச்சுப் போட்டேன்.